வெள்ளைக் கலவையிலிருந்து குளிசை அட்டைக்கு

மலையகத் தோட்டங்களில் வயிற்றெரிவுக்கு மருந்து கொடுத்த வரலாற்றில் மருந்து பலமுறை மாறியிருக்கிறது. கேள்வி கேட்காமல் கொடுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. முதலில் துரையின் மருந்துப் பெட்டி இருந்தது. பிறகு டிஸ்பென்சரியின் வெள்ளைக் கலவை வந்தது. இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பாமசியில் அட்டை அட்டையாக ஒமிப்ரசோல் வாங்கப்படுகிறது. மூன்று காலத்திலும் நோவு அடக்கப்பட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே. வயிற்றமிலத்தைக் குறைக்கும் மருந்துகளின் ஆபத்தைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். குளிசையின் வேதியியலில் உள்ள ஆபத்து சிறியது. அதை எதற்கென்று தெரியாமல், எத்தனை நாளென்று சொல்லாமல் கொடுக்கவும் விழுங்கவும் பழக்கிவிட்ட நூற்றைம்பது ஆண்டு ஏற்பாட்டில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து. அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் “மருந்தைக் கவனமாகச் சாப்பிடுங்கள்” என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்வதில் பயனில்லை.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு மருத்துவம் என்று இருந்தது பெரும்பாலும் துரையின் பெட்டியில் இருந்த விளக்கெண்ணெய், பேதியுப்பு, கொயினா போன்றவைதான். சாவு எண்ணிக்கை அரசாங்கத்தைச் சங்கடப்படுத்திய பிறகே 1872இல் குடியேறிய தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று சட்டம் வந்தது. 1880களில் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து அதற்கான செலவு திரட்டப்பட்டது. 1912இல் மருத்துவத் தேவைகள் பற்றி ஒன்றும், தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றி இன்னொன்றுமாக இரண்டு சட்டங்கள் வந்தன. தோட்டத்து டிஸ்பென்சரியும் அங்கே மருந்து கலக்கும் உத்தியோகத்தரும் இந்த ஏற்பாட்டில் நிலைபெற்றார்கள். தீவின் கிராமங்கள் பலவற்றில் வைத்திய வசதியே இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம். அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனாலும் இதன் அளவுகோல் ஒன்றுதான்: நாளைக் காலை ஆள் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, வந்து நிற்பாரா? அந்த அளவுகோலில் வயிற்று நோவு ஒரு நோயாகவே கணக்கில் வராது. காய்ச்சல் ஆளைப் படுக்கவைக்கும், பேதி பரவும். வயிற்றெரிவோ ஆளை வேலைக்கு அனுப்பிவிட்டு உள்ளே இருந்து அரிக்கும். அதற்கு ஒரு மடக்குக் கலவை போதுமென்று நினைத்ததில் வியப்பில்லை.

இந்த வழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு, அமிலத்தோடு நேரடித் தொடர்பில்லாத கொழுக்கிப்புழுவின் கதை நல்ல சாட்சி. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் புழு ஒழிப்பைத் தொடங்கியது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவரின் தோல் வழியே புகும் இந்தப் புழு, சிறுகுடலின் மேற்பகுதியில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். நெஞ்சுக்குழிக்குக் கீழே புண் வந்தவருக்கு வலிப்பதுபோலவே வலிக்கும், கூடவே சோகை. அக்கால லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) “வயிறு எரியுது” என்று வந்த ஒருவருக்கு உண்மையில் இருந்தது புழுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நிபுணர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், கினோபோடியம் எண்ணெய் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். ஆனால் மலசலகூடம் கட்டாத லயத்தில் அதே மனிதர் அதே மண்ணில் நடந்து மீண்டும் புழுவை வாங்கிக்கொண்டார். மருந்துக்கு இணங்கிய தோட்ட நிர்வாகங்கள் மலசலகூடச் செலவுக்குத் தயங்கியதை ஆய்வாளர் சோம ஹேவா விரிவாக எழுதியிருக்கிறார். மருந்து வருடா வருடம் வரும்; காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும். இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், இன்றைய ஒமிப்ரசோல் அட்டையும் இதே தடத்தில்தான் போகிறது என்பதுதான்.

தோட்டத்தாரின் வயிற்று நோவெல்லாம் புழுவும் பசியும்தான், அமிலத்துக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தென்னிந்தியாவில் குடற்புண் மிகக் கடுமையாகவே இருந்தது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல், தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கி, ஆயிரக்கணக்கானோருக்குச் சிறுகுடற்புண் அறுவை செய்தவர். மலைக்கு ஆள் வந்த திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களும் அதே தென்னாட்டுத் தமிழ் நிலம்தான். ஆக அமிலத்தைத் தணிக்கும் மருந்துக்கு உண்மையான தேவை இருந்தது. ‘அமிலமின்றேல் புண்ணில்லை’ என்று 1910இல் மருத்துவர் ஷ்வார்ஸ் சொன்னதும், 1915இல் சிக்காகோவில் மருத்துவர் சிப்பி மணிக்கொரு தரம் பாலும் காரப்பொடியும் கொடுத்ததும் அந்தத் தேவைக்கான பதில்கள். சிப்பியின் முறையில் பாலும் காரமும் மிஞ்சிப் போய் இரத்தத்தில் கல்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. 1920களிலேயே அது தெரிந்துவிட்டது. அமில மருந்தால் வரும் தீங்கு இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல. 1930களில் மக்னீசியம் ட்ரைசிலிக்கேட் வந்தது. அதோடு சோடா உப்பும் மக்னீசியம் கார்பனேற்றும் பெப்பர்மின்ற் தண்ணீரும் சேர்ந்த வெள்ளைக் கலவை, அந்த நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு டிஸ்பென்சரிகளின் வயிற்று மருந்தாக நின்றது.

அந்தக் கலவைக்கு ஒரு குணம் இருந்தது. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. வெறும் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். வேளைக் கணக்கைக் காட்ட, வெட்டிய காகிதத்தைப் போத்தலில் ஒட்டித் தருவார்கள். இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். மீண்டும் வேண்டுமானால் மீண்டும் அதே ஆளின் முன்னால் போய் நிற்க வேண்டும். மெலிந்து போயிருந்தாலும் கண் வெளிறியிருந்தாலும், அக்கறையுள்ள உத்தியோகத்தர் ஒருவர் கவனிக்க அங்கே இடம் இருந்தது. அதிகம் குடித்தால் மக்னீசியம் வயிற்றைக் கழியவைக்கும். அளவு மீறியதை உடம்பே சொல்லிவிடும். இதை அந்தக் காலத்துப் பெருமையாகச் சொல்ல நான் வரவில்லை. எல்லா நோவுக்கும் ஒரே தகரத்திலிருந்து ஊற்றிய டிஸ்பென்சரிகளும் இருந்தன. 1973, 1974இல் அரிசிப் பங்கீடு குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது, காலியான வயிற்றின் எரிவுக்கு எந்தக் கலவையும் மருந்தாகியிருக்க முடியாது. அதே பத்தாண்டில்தான் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வழியாக, தேவையான மருந்தை மட்டும் நல்ல தரத்தில் மலிவாகக் கொடுப்பது என்ற கொள்கையை நாட்டுக்குத் தந்தார். அவர் கொள்கையின் ஒரு பாதியான மலிவு பிற்பாடு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. தேவையறிந்து கொடுப்பது என்ற மறுபாதி வரவில்லை.

1976இல் சிமெடிடின், 1981இல் ரனிடிடின், 1988இல் ஒமிப்ரசோல் என்று அடுத்தடுத்து வந்த மருந்துகள் வயிற்றுப் புண்ணின் கதையையே மாற்றின. சாமர்வெல் கத்தி எடுத்த நோய்க்குக் குளிசை போதும் என்றாயிற்று. அவுஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் காட்டி, 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அமிலத்தை அடக்குவதோடு நிற்காமல் கிருமியைக் கொன்றால் புண் திரும்பாது என்றும் விளங்கியது. காரணத்தைத் தேடுவதில் மருத்துவம் இவ்வளவு தூரம் போனபோது, மலைக்கு வந்து சேர்ந்தது குளிசை மட்டும்தான். ஒமிப்ரசோலின் காப்புரிமைகள் முடிந்து விலை விழுந்ததும் அது சீட்டில்லாமலே கைக்குக் கிடைக்கும் பொருளாயிற்று. தேவையும் குறையவில்லை. விடியலில் வெறும் வயிற்றில் கடுஞ்சாயத் தேத்தண்ணீர், கையில் கட்டிக்கொண்டுபோன கோதுமை ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும், நேரம் தப்பிய சாப்பாடு. ஆண்களில் பலருக்குச் சாராயமோ கசிப்போ. எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைப்பது வலி நிவாரணிகள். கொழுந்துக் கூடையின் பாரம் தலையிலும் முதுகிலும் இறங்க, நாள் முழுக்கச் சரிவில் நிற்கும் பெண்ணுக்கு இடுப்பும் தோளும் நோகும். அதற்கு டைக்ளோபெனக் வாங்குகிறார். அது வயிற்றுச் சுவரின் காப்பைக் கெடுக்கிறது. எரிவு வந்ததும் கேஸ்ரைட்டிஸ் என்று ஒமிப்ரசோல் வாங்குகிறார். வலி நிவாரணி தொடர்ந்தே ஆகவேண்டிய ஒருவருக்கு ஒமிப்ரசோல் சரியான காவல்தான். ஆனால் அந்தத் தேவையை எடைபோட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். இங்கே இரண்டு அட்டையும் ஒரே கடையில், ஒன்றுக்கொன்று சம்பந்தம் தெரியாமல் வாங்கப்படுகின்றன.

இந்த மருந்துகள் இத்தனை பாதுகாப்பானவையாக இருக்கும்போது ஏன் வீண் பயம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒமிப்ரசோலின் உறவினமான பன்டொப்ரசோலை 17,598 பேரிடம் மூன்று ஆண்டளவு சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, சிறுநீரகக் கேடு, மறதிநோய், எலும்பு முறிவு என்று பயமுறுத்தப்பட்ட எதுவும் கூடியதாக நிரூபணமாகவில்லை. கூடியது ஒன்றே: குடல் தொற்று, 1.0 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாக. மிகச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் அமிலம் நம் வயிற்றுக்குள் வரும் கிருமிகளைக் கொல்லும் முதற்காவல் என்பதை நினைத்து, ஓடைத் தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் குடிக்கும் லயங்களையும், வயிற்றோட்டத்தால் ஆட்களைப் பறிகொடுத்த தோட்ட வரலாற்றையும் அதன் பக்கத்தில் வையுங்கள். அந்தச் சிறிய எண் இங்கே எடை கூடுகிறது. அடுத்தது இரும்புச் சத்து. உணவிலுள்ள இரும்பு உடலில் சேர அமிலம் உதவுகிறது. தேத்தண்ணீர் அதைத் தடுக்கிறது. சோகை நெடுங்காலமாகப் பீடித்துள்ள பெண்களிடம், சாப்பாட்டோடு சாயம் குடிக்கும் பழக்கத்தின்மேல், மாதக்கணக்கில் அமிலத்தையும் அடக்கினால் என்ன மிஞ்சும்? இறைச்சி குறைவாக உண்பவருக்கு வருடக்கணக்கில் பி12 சத்தும் குறையலாம். ரனிடிடினில் புற்றுநோய்க்கு ஏதுவாகக் கூடிய மாசு இருப்பது 2019இல் தெரிந்து, 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்தே நீக்கச் சொன்னது. அந்தச் செய்தி எட்டாத வீட்டில் பழைய அட்டை பெட்டிக்குள் கிடக்கும்.

இவற்றிலெல்லாம் வரலாற்றோடு மிக நெருங்கிய ஆபத்து வேறு. 2009இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு: வயிற்று நோய் எதுவுமே இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் ஒமிப்ரசோலின் இன்னோர் உறவினமான எசொமிப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின் அவர்களில் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிவு, புளித்தேப்பம் போன்றவை வந்தன. வெறுங்குளிசை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கே வந்தன. அடக்கப்பட்ட சுரப்பிகள் விட்டதும் மேலும் வேகமாகச் சுரக்கின்றன. இதை யாரும் சொல்லாதபோது, “குளிசையை நிறுத்தினால் எரியுது, ஆக நோய் இன்னும் இருக்குது” என்று ஒருவர் முடிவுகட்டுவது இயல்பு. மருந்து தேவைப்படாத ஒருவரும் வருடக்கணக்கில் வாங்குபவராகிவிடுகிறார். அதோடு, எரிவு தணிந்திருக்கும் அந்த மாதங்களில் இரைப்பைப் புற்றுநோய் மறைந்து வளர முடியும். கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமின்றி மெலிதல், விழுங்கக் கஷ்டம், புதிதாக வந்த சோகை, ஐம்பதைத் தாண்டி முதன்முறையாகத் தொடங்கும் எரிவு ஆகிய எதுவும் குளிசையோடு காத்திருக்கக் கூடியது அல்ல. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை.

வைத்தியசாலைக்குப் போ என்று எழுதுவது எளிது, கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் (வேலைநாள் கணக்கு) போகுமே என்ற மறுப்பு என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான மறுப்பு. நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களிடம், ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் கூலியையும் இழந்து வரிசையில் நில் என்று சொல்ல யாருக்கு உரிமை? ஆகவேதான் பாமசியில் அட்டை வாங்குபவரை நான் குறை சொல்லவில்லை. அவர் இருக்கும் வழிகளில் மலிவானதைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த மலிவான வழியிலேயே பாதுகாப்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், அது பெரிய செலவும் அல்ல. ஒமிப்ரசோலைக் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன் எடுக்க வேண்டும். வெறும் தேத்தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் பத்து மணி வரை பட்டினி கிடந்தால் மருந்தின் பலன் குறைந்துவிடும். சாதாரண எரிவுக்கு நான்கிலிருந்து எட்டு வாரம் போதும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து நிறுத்தலாம், இடையில் வரும் எரிவு சில வாரத்தில் அடங்கும். புண்ணிலிருந்து முன்பு இரத்தம் கசிந்தவரும், அஸ்பிரினோ வலி நிவாரணியோ வைத்தியர் சொல்லித் தொடர்பவரும் தாமாக நிறுத்தக் கூடாது. இரும்புக் குளிசையையும் வெள்ளைக் கலவையையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இவ்வளவையும் அட்டையைக் கொடுக்கும் கை தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும்.

சொல்லும் அந்த ஆள் யார் என்பதுதான் இன்றைய சிக்கல். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதும் டிஸ்பென்சரி தோட்டத்தின் சொத்தாகவே தொடர்ந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரச சுகாதார சேவைக்குள் எடுக்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முடியவில்லை. எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாட்டின் மற்றக் குடிமக்களுக்கு உள்ள அதே வைத்தியம் இவர்களுக்கும் உரியது. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்த ஆதார வைத்தியசாலை போன்றவை அதற்கான படிகள். ஆனால் கட்டிடமும் மருந்துக் கையிருப்பும் கைமாறும்போது, லயத்தின் குடும்பங்களைப் பெயர் சொல்லி அறிந்த தோட்ட வைத்திய உதவியாளரின் இடம் பல தோட்டங்களில் வெறுமையாகிறது. மருந்தை மட்டும் பொறுப்பேற்று, அந்த மருந்து யாருக்கு, எதற்காக, எத்தனை வாரம் போகிறது என்று எழுதிவைக்கும் பதிவேட்டைப் பொறுப்பேற்காமல் விட்டால், 1916இல் புழு மருந்து வந்தும் மலசலகூடம் வராத அதே ஏற்பாடு இம்முறை அரசாங்கத்தின் பெயரில் நடக்கும்.