சேஸிஸ் போய் கம்பி வந்த கதை

சதுரங்கப்பட்டினம் என்றதும் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், அந்தக் காலத்து மஸ்லின் துணி வியாபாரமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். காருக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது!

இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய், ஜி.எஸ்.டி. சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் சிறிது நேரத்தில் மறைமலைநகர். ஃபோர்டு ஐகான் பிறந்த இடம். இன்னும் கொஞ்சம் போனால் வண்டலூர், பெருங்களத்தூர். ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிறந்த இடம். ஊருக்கு மேற்கே ஓடுகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. வேகமான செடான் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடி வரும் சாலை அது.

அப்படி வரும் கார்களில் சிலவற்றின் பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி பளபளவென்று நிற்கும். கம்பெனி கொடுத்ததல்ல, வெளியே வாங்கிப் பொருத்தியது. ஸ்ட்ரட் பார் என்பார்கள், டவர் பார் என்றும் சொல்வதுண்டு. காருக்கு அடியில், பின்பக்க டிக்கிக்குள் என்று இதன் உறவுக்காரக் கம்பிகளும் உண்டு. பொதுவாகச் சொன்னால், எல்லாம் சேஸிஸ் பிரேஸ்.

இந்தக் கம்பி எதற்கு? இது அழகுக்கா, வேலைக்கா? அதைத் தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் சட்டம் இருந்தது

ஆரம்ப காலத்துக் கார்கள் குதிரை வண்டி மாதிரிதான். கீழே கனமான இரும்புச் சட்டம், அதாவது சேஸிஸ். எஞ்சின், ஆக்சில், சக்கரம் எல்லாம் அதில் மாட்டியிருக்கும். மேலே உள்ள பாடி வெறும் கூடு. பாடியைக் கழற்றி வைத்துவிட்டாலும் வண்டி ஓடும். இன்றைக்கும் லாரி இப்படித்தான் இருக்கிறது.

1922ல் இத்தாலியின் லான்சியா கம்பெனி லாம்ப்டா என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. அதில் தனிச் சட்டம் கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்கியது. 1934ல் பிரான்சின் சித்ரோன் கம்பெனி தன் டிராக்‌ஷன் அவான் காரை இதே முறையில் பெரிய அளவில் தயாரித்தது. இந்த முறைக்கு மோனோகாக் என்று பெயர். எடை குறைவு, உயரம் குறைவு, நிறைய கார்கள் செய்தால் செலவும் குறைவு. நம் ஊர் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் மோனோகாக் கார்கள்தான் என்பது பலருக்கு ஆச்சர்யமாக இருக்கும்.

ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். உள்பெட்டியை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் பக்கவாட்டில் அழுத்தினால் கோணிக்கொள்ளும். உள்பெட்டியைச் செருகினால் கோணாது. தகடு அதே தகடுதான், இணைப்பில்தான் பலம் இருக்கிறது. மோனோகாக்கின் சூட்சுமமும் இதுதான். தளம், கூரை, தூண்கள், பக்கச் சுவர்கள் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் எஞ்சின் இருக்கும் இடம் மட்டும் மேலே திறந்த பெட்டி. பானெட் வெறும் மூடி, அது எதையும் தாங்காது.

வண்டலூர் ஹெரால்டு

உலகமே மோனோகாக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், 1959ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு தனி சேஸிஸுடன் வந்தது. ஏன் இந்தப் பின்னோக்கிய பயணம்? காரணம் பொறியியல் அல்ல, வியாபாரம்! ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953ல் வாங்கிவிட்டது. முழு பாடியைச் செய்துதர ஆள் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, சட்டத்தின் மேல் போல்ட்டு போட்டு மாட்டும்படி ஹெரால்டை வடிவமைத்தார்கள். பாடியின் அழகு இத்தாலியர் மிக்கெலொட்டியின் கைவண்ணம்.

சட்டமே பாரத்தைத் தாங்குவதால் கூரையை எடுத்துவிட்டுத் திறந்த கார் செய்வதும் சுலபமாக இருந்தது. மோனோகாக் காரில் கூரையை வெட்டினால் அடியில் கூடுதல் பிரேஸ் கொடுத்தே ஆக வேண்டும்.

1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இதை இங்கே தயாரித்தது. பிறகு நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. இதன் பின்பக்க ஸ்விங் ஆக்சில் மட்டும் நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும் குணம் அதற்கு உண்டு. 1972ல் வந்த கெஸல் காரில் அதை விட்டுவிட்டுச் சாதாரண ஆக்சிலுக்கு மாறினார்கள். கடைசியாக 1985ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, எடுபடவில்லை. 1988ல் தொழிற்சாலை மூடப்பட்டது. செங்கல்பட்டு சீமையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு கார்களின் கதை அத்துடன் முடிந்தது.

மேக்ஃபெர்சன் கொண்டுவந்த கோபுரம்

ஃபோர்டு கம்பெனியில் இருந்த எர்ல் மேக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கினார். 1950ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் இது இருந்தது. உதிரிப் பாகங்கள் குறைவு, இடமும் மிச்சம். அதனால் சிறிய கார்கள் பெரும்பாலும் இந்த முறைக்கு வந்துவிட்டன.

இதில் ஒரு சிக்கல். தூணின் மேல்முனை பாடியில் ஒரு தகட்டுக் கோபுரத்தில் முட்டி நிற்கிறது. இடப்பக்கம் ஒரு கோபுரம், வலப்பக்கம் ஒரு கோபுரம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் விசை அந்தப் பக்கக் கோபுரத்தைத் தள்ளும். நடுவில் திறந்த பெட்டி என்பதால் கோபுரம் மிகச் சிறிதளவு சாயும். சக்கரத்தின் கோணமும் அதற்கேற்ப மாறும். இரண்டு கோபுரங்களையும் ஒரு கம்பியால் இணைத்தால் ஒன்றுக்கு ஒன்று துணை நிற்கும். ஸ்ட்ரட் பாரின் வேலை இவ்வளவுதான்.

அதாவது, மோனோகாக் வந்தபோது தூக்கிப்போட்ட சட்டத்தின் ஒரு சின்னத் துண்டு, கம்பி உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது!

பந்தயத்திலிருந்து தெருவுக்கு

வண்டி விறைப்பாக இருந்தால்தான் சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்யும் என்பது பந்தயக்காரர்கள் நடைமுறையில் காட்டிய பாடம். 1962ல் காலின் சாப்மன் ஃபார்முலா 1க்கு லோட்டஸ் 25ஐ மோனோகாக்காகக் கொண்டுவந்தபோது, பழைய குழாய்ச் சட்டக் கார்களைவிட அது எடை குறைவாகவும் பல மடங்கு விறைப்பாகவும் இருந்தது. சாலைக் கார்களிலும் இந்தப் பழக்கம் வந்தது. 1995ல் ஜப்பானின் ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் கம்பெனியே மாட்டிய ஸ்ட்ரட் பாருடன் வெளிவந்தது. பிறகு ஜப்பானிலும் மலேசியாவிலும் இந்தக் கம்பிகளைச் செய்து விற்பதே தனித் தொழிலாகிவிட்டது.

பழைய ஒருங்கிணைந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் பந்தயம் புதிதல்ல. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளமே வந்தது.

மறைமலைநகரின் கணக்கு

1999 நவம்பரில் ஐகான் வந்தது. ஐரோப்பிய ஃபியஸ்டாவை வைத்து இந்தியாவுக்காகச் செய்த செடான். 1.6 லிட்டர் எஞ்சின் சுமார் 92 குதிரைத்திறன் கொடுத்தது. "ஜோஷ்" என்ற விளம்பரச் சொல்லோடு இளைஞர்களைக் கவர்ந்தது. முன்னால் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான்.

இப்படிப்பட்ட செடான்களில் கம்பெனியே கம்பியைப் போட்டுக் கொடுத்திருக்கலாமே? இங்கேதான் காஸ்டிங் கணக்கு வருகிறது. பேச்சுக்கு ஒரு கம்பிக்கு 500 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கார் என்றால் 5 கோடி! வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆபீசுக்கும் கடைக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு அந்தக் கம்பியால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் கம்பெனி, தேவையான அளவு விறைப்பைப் பாடியிலேயே வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். கம்பெனி நிறுத்திய இடத்தில்தான் வெளிக்கடைக்காரர் ஆரம்பிக்கிறார்.

இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. 2022ல் மறைமலைநகரில் கார் தயாரிப்பு நின்றது. 2024ல் ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்பப் பயன்படுத்தும் விருப்பத்தைத் தமிழக அரசிடம் தெரிவித்தது. ஐகானோ 2011லேயே நின்றுபோனது. எனவே இன்று ஐகான் வாங்குகிற எவரும் பழைய காரைத்தான் வாங்குகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

பொருத்தும்போது...

வேலை பார்க்க எளிதுதான். சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும். கோபுரத்தின் மேலே வட்டமாக இருக்கும் சிறிய நட்டுகளை ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்று கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான், கழன்றால் உயிருக்கே ஆபத்து. கம்பியின் தகட்டை உட்கார வைத்து நட்டுகளைக் கையால் முடுக்கி, பிறகு கம்பியை மாட்டி, கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும்.

துளைகள் பொருந்தவில்லையா? கடப்பாரை போட்டு நெம்பக் கூடாது. அது வேறு மாடலின் கம்பியாக இருக்கலாம். இல்லையென்றால் கார் எப்போதோ அடிபட்டு, கோபுரமே நகர்ந்திருக்கலாம். அடியில் மாட்டும் கம்பிகளுக்கு நம் ஊர் வேகத்தடைகளே பெரிய எதிரி என்பதையும் மறக்கக் கூடாது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் பக்கம் நிற்கும் வண்டிகளில் தகட்டு மடிப்புகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் துரு சீக்கிரம் பிடிக்கும். துருப்பிடித்த கோபுரத்தை எந்தக் கம்பியும் காப்பாற்றாது. பளபளக்கும் கம்பி, கீழே அரித்துப்போன தகட்டை மறைக்கத்தான் உதவும். முதலில் துருவைப் பார்க்க வேண்டும். பிறகு டயர், பிரேக், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ். இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் கம்பிக்கு முறை வரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. வெட்டாமல், துளையிடாமல் மாட்டும் கம்பி வேறு, சீட்டைக் கழற்றிவிட்டு ரோல் கேஜ் வைப்பது வேறு. எதுவானாலும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பாடி விறைப்பானால் வண்டி வளைவில் நம்பிக்கை கொடுக்கும். அந்த நம்பிக்கை கார் தாங்குகிற அளவைத் தாண்டிப்போனால்தான் வம்பு. கிழக்குக் கடற்கரைச் சாலை சோழவரமோ இருங்காட்டுக்கோட்டையோ அல்ல. மீன்கூடையோடு குறுக்கே கடப்பவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதே சாலையில்தான் நடக்கிறார்கள். கம்பி இரண்டு கோபுரங்களைப் பிடித்து நிறுத்தும். ஆக்சிலேட்டர் மேல் இருக்கும் காலைப் பிடித்து நிறுத்த எந்தக் கடையிலும் கம்பி விற்பதில்லை.