மதுரையைச் சுற்றி ஒரு பழைய மதுரை: இரண்டு நாள், நான்கு மலைகள்

மதுரைக்கு ரெண்டு நாள் லீவுல போறவங்க எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான். மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், நடுவுல ஜிகர்தண்டா, ராத்திரி கறிதோசை. குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிச்சுப் பாருங்க. இந்தப் பட்டியல்ல நாம பார்க்கிற கட்டடங்களில் பெரும்பகுதி 16, 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தவை. கோயிலின் தெற்குக் கோபுரம் 1559-இல் எழுந்தது. மகால் 1636. அதாவது, "ரெண்டாயிரம் வருஷத்து ஊர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, பெரும்பாலும் ஐந்நூறு வருஷத்துக்குள் கட்டியதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறோம்.

மீதி ஆயிரத்து ஐந்நூறு வருஷம் எங்கே இருக்கு? ஊருக்கு வெளியே, மலைகள்ல இருக்கு. இந்த வருஷம் எனக்குக் கிடைத்த ரெண்டு நாள் லீவை முழுக்க அந்த மலைகளுக்கே வைத்துக்கொண்டேன். முதல் நாள் சமணர் மலையும் யானைமலையும். இரண்டாம் நாள் அரிட்டாபட்டியும் மாங்குளமும். போவதற்கு முன் படித்ததையும் அங்கே பார்த்ததையும் சேர்த்து எழுதிவைத்த குறிப்பு இது.

கல்லில் வெட்டிய படுக்கை எதற்கு?

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஒரே மாதிரி அமைப்பு திரும்பத் திரும்ப வரும். இயற்கையான குகை. அதன் தரையில் வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகள், சிலவற்றில் தலைமாட்டில் தலையணை போல மேடு. குகை வாயிலுக்கு மேலே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணி பாறை வழியா வழிஞ்சு உள்ளே வராம, அந்தக் காடியில் பட்டு வெளியே சொட்டிவிடும்.

சமணத் துறவிகள் ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியவர்கள். மழைக்காலத்தில் மட்டும் ஒரே இடத்தில் தங்கலாம், நடந்தால் புழு பூச்சிகள் மிதிபடும் என்பதால். அந்தத் தங்கலுக்கான இடங்கள்தான் இவை. ஊர் மக்கள் பல இடங்களில் "பஞ்சபாண்டவர் படுக்கை" என்பார்கள். யார் படுத்தது என்பது மறந்துபோய், படுக்கை மட்டும் நின்றுவிட்டது. காலியான இடத்தில் பாண்டவர்களைப் படுக்கவைத்துவிட்டார்கள்.

படுக்கைகளை யாராவது செய்து கொடுத்திருக்க வேண்டும் இல்லையா? கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் பக்கத்திலேயே எழுதிவைத்தார்கள், தமிழ்ப் பிராமி எழுத்தில். தமிழ்நாட்டில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் குகைக் கல்வெட்டுகளில் கணிசமான பகுதி மதுரையைச் சுற்றித்தான் இருக்கு.

மாங்குளம்: 83 வருஷம் எடுத்த வாசிப்பு

மேலூர் பக்கம், மீனாட்சிபுரம் கிராமத்துக் குன்றில் இருப்பவை மாங்குளம் கல்வெட்டுகள். 1882-இல் ராபர்ட் சிவெல் இவற்றைக் கண்டறிந்து பதிவு செய்தார். எழுத்து பிராமி என்று தெரிந்தது, ஆனால் படித்தால் பொருள் வரவில்லை. பாலியா, பிராகிருதமா என்று குழம்பினார்கள். 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், வடக்கே இல்லாத ழ, ள, ற, ன ஒலிகளுக்கான எழுத்துகள் இதில் இருப்பதைக் காட்டி, மொழி தமிழ்தான் என்றார். 1965-இல் ஐராவதம் மகாதேவன் இங்கே 'நெடுஞ்சழியன்' என்ற பாண்டியப் பெயரைப் படித்தார். கண்டெடுத்ததிலிருந்து அரசன் பெயர் தெளிவாக வெளியே வர 83 வருஷம்.

ஏன் இவ்வளவு தாமதம்? மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. 90-களில் டிஸ்கி எழுத்துருவில் அடித்த மின்னஞ்சலை டேப் எழுத்துருவில் திறந்தால் என்ன வருமோ அதுதான் இங்கேயும். வடக்கத்திப் பிராமியில் வெறும் 'க' வடிவம் போட்டாலே அதற்குள் அகரம் உண்டு. மாங்குளத்தில் வெட்டியவர்கள் வேறு விதியைப் பின்பற்றினார்கள். வெறும் வடிவம் என்றால் 'க்'. அதில் ஒரு சிறு கோடு சேர்த்தால் 'க', இடத்தைப் பொறுத்து 'கா' என்றும் படிக்க வேண்டும். பிற்பாடு, ஒரே வடிவத்தை 'க்' என்றும் 'க' என்றும் படிக்கிற முறை வந்தது. அதன் பிறகுதான் புள்ளி வந்து குழப்பத்தைத் தீர்த்தது. விதி தெரியாமல் வடக்கத்தி முறையில் படித்தால் வார்த்தை எல்லாம் இழுபட்டு, எந்த மொழியும் இல்லாத மொழியாகத்தான் தெரியும்.

அந்த எழுத்துகள் இன்று நம்ம கணினிக்குள்ளும் வந்துவிட்டன. 2010-இல் யூனிகோடில் பிராமி சேர்ந்தபோது பழந்தமிழின் ழ, ற, ன எழுத்துகளுக்குத் தனி இடம் கிடைத்தது. பழந்தமிழ்ப் புள்ளிக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, மாங்குளம் கல்வெட்டு என்ன சொல்கிறது? 'நந்த' என்று தொடங்கும் பெயருடைய கணி ஒருவருக்கு, நெடுஞ்செழியனின் அலுவலரான கடலன் வழுதி இந்தப் பள்ளியை வெட்டிக் கொடுத்தார் என்று ஒன்று. 'கணி' என்பதைத் துறவியர் குழுத் தலைவர் என்று மகாதேவன் பொருள் கொள்கிறார். இன்னொன்றில் வெள்ளறை நிகமத்தோர் வருகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் குழு. வெள்ளறை என்பது பக்கத்திலிருக்கும் இன்றைய வெள்ளரிப்பட்டி என்று கருதப்படுகிறது. 'காவிதி' என்ற பட்டமும் அங்கே இருக்கு. சங்கப் பாடல்களில் மட்டும் பார்த்துப் பழகிய சொல், பொ.ஆ.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று மகாதேவன் கணிக்கிற ஒரு பாறையில்.

உப்பு விற்றவர், துணி விற்றவர்

எனக்கு அரசன் பெயரை விடப் பிடித்தது அழகர்மலைக் குகைப் பட்டியல். அழகர்கோயில் எல்லாருக்கும் தெரியும். அதே மலைத்தொடரின் இன்னொரு பக்கம், கிடாரிப்பட்டி அருகே இருக்கும் குகையில் கொடையாளிகள் வரிசையாக வருகிறார்கள். பொன் வேலை செய்பவர், உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன். பாணிதம் என்றால் சர்க்கரைப் பாகு. கொழு ஏர்முனை இரும்பு. அறுவை துணி. பொன் வேலைக்காரரின் ஊர் 'மத்திரை' என்று எழுதியிருக்கு. நம்ம மதுரைதான்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வைகைக்கரை ஊரின் அந்தக் காலக் கடைவீதி அப்படியே இங்கே நிற்கிறது. இலக்கியத்தில் மதுரைக் கடைத்தெரு அழகாக வர்ணிக்கப்படும், ஆனால் கடைக்காரர் பெயர் இருக்காது. குகையில் பெயரே இருக்கு. உப்பு வணிகர் பெயர் வியகன். கீழவளவு மலையில் தொண்டியைச் சேர்ந்த ஒரு உபாசகர் கொடுத்த கொடை பதிவாகியிருக்கிறது. அந்த எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல வலம் இடமாகத் திரும்பியிருக்கும். துறைமுக ஊர்க்காரர் இவ்வளவு தூரம் உள்ளே வந்து கொடை கொடுத்திருக்கிறார் என்றால், சரக்கு போன வழியும் துறவிகள் போன வழியும் தனித்தனி இல்லை என்று தெரிகிறது. மேப்பில் குறித்துப் பாருங்கள். யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, கருங்காலக்குடி எல்லாம் மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருச்சி போகும் திசையை ஒட்டியே வரும்.

யானைமலையும் அப்படித்தான். ஒத்தக்கடையில் இறங்கினால் படுத்த யானை போல நீளமாகத் தெரியும். அதன் குகைக் கல்வெட்டில் மலையின் பெயர் 'இவ குன்றம்' என்று வருகிறது. இபம் என்றால் யானை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் அதைப் பார்த்தவனுக்கு யானைதான் தெரிந்திருக்கு. அதே மலையடியில் நரசிங்கம் கோயில், பொ.ஆ. 770-இல் பாண்டிய அமைச்சர் மாறன்காரி குடைவித்த பெருமாள் குடைவரை. மேலே சமணச் சிற்பங்கள், கீழே நரசிம்மர். ரெண்டுக்கும் ஒரே பாறைதான்.

'எண்ணாயிரம் சமணர்' கதையும் கல்லும்

மதுரைச் சமணம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கழுவேற்றக் கதை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்பது. இதை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். கதை கேட்டவர்கள் மனதில் "அத்தோடு சமணம் முடிந்தது" என்று பதிந்துவிடுகிறது.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனால் அந்தக் கணக்கு ஒத்துவராது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில். மலையின் ஒரு பக்கம் செட்டிப்பொடவு. அங்கே பெரிய தீர்த்தங்கரர் சிற்பமும், உள்ளே சிங்கத்தின் மேல் அமர்ந்து யானையை எதிர்க்கும் பெண் தெய்வமும் உண்டு. மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம், பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள், காலம் 9, 10-ஆம் நூற்றாண்டு. அதாவது சம்பந்தருக்கு இருநூறு வருஷத்துக்குப் பிறகு! குரண்டி என்ற ஊரின் பெரிய சமணப்பள்ளி மாணவர்கள் இங்கே சிற்பம் செய்து வைத்திருக்கிறார்கள். அச்சணந்தி என்ற புகழ்பெற்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்று உண்டு. மலைமேல் இருந்த மாதேவிப் பெரும்பள்ளி, பராந்தக வீரநாராயண பாண்டியன் தன் அரசி வானவன் மாதேவி பெயரில் அமைத்தது.

ஏழாம் நூற்றாண்டில் சண்டையே நடக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. சமயப் போட்டி கடுமையாகத்தான் இருந்தது, தேவாரமே சாட்சி. ஆனால் ஒரே நாளில் துடைத்தழித்த சமயத்துக்கு இரண்டு நூற்றாண்டு கழித்துப் பாண்டிய மன்னனே பள்ளி கட்டிக் கொடுக்க முடியாது. சமணம் மதுரையில் தேய்ந்தது உண்மை. தேய்வதற்குப் பல தலைமுறை ஆனது.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "அது யாரு சாமிம்மா?" என்றேன். "செட்டியாரு மாதிரி உக்காந்திருக்காருல்ல தம்பி, அதான் செட்டிப்பொடவு. சமணசாமின்னு படிச்சவுக சொல்றாக. கருப்பன் காவல்ல இருக்கு, நாங்க யாரும் கை வைக்க மாட்டோம்" என்றார். கருப்பன் காவல் என்ற அந்த நம்பிக்கையும் இந்த மலைக்கு ஒரு வேலி.

நூலிழையில் தப்பியவை

அந்த வேலி எல்லா மலைக்கும் போதவில்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் தின்ற கதை ஊரறிந்தது. கீழவளவில் கல்வெட்டு இருக்கும் குன்றைச் சுற்றிப் பார்த்தாலே புரியும். 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்தபோது ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுக்கும் பசுமை நடை அந்தச் சூழலில் பிறந்ததுதான்.

அரிட்டாபட்டி இன்னும் அண்மைக் கதை. ஏழு மலைகள், லகுலீசர் சிற்பமுள்ள சிவன் குடைவரை, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர், லகர் வல்லூறு போன்ற அரிய பறவைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். சரியாக ரெண்டு வருஷத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தன. ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நெடுஞ்செழியன் பெயர் இருக்கும் மீனாட்சிபுரம் இந்த இரண்டு கணக்கிலுமே வரும் ஊர். அது இன்றைக்கும் நிற்பதற்கு முதல் காரணம், அந்த ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்தது.

போறவங்களுக்கு

காலை ஆறு மணிக்கே கிளம்பிடுங்க, பத்து மணிக்கு மேல் பாறை சுடும். தண்ணி கையோட கொண்டுபோங்க, மலைமேல் கடை கிடையாது. சமணர் மலை, யானைமலைக்கு டவுன் பஸ்ஸே போதும். அரிட்டாபட்டி, மாங்குளத்துக்கு வண்டி வச்சுக்கிறது நல்லது. கிராமத்துல யாரிடமாவது சொல்லிட்டு ஏறுங்க, வழியும் சரியாச் சொல்வாங்க. எழுத்து தெரியலைன்னு சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீங்க. காலைச் சாய்வெயில்ல தானாகவே தெரியும்.

இன்னொண்ணு. பல குகைகள்ல படுக்கை மேலேயே பெயிண்டில் இதயம் வரைந்து பெயர் எழுதியிருக்காங்க. உப்பு வணிகன் வியகனும் பாறையில் பெயர் எழுதினவர்தான். ஆனா அவர் முதல்ல படுக்கையைச் செஞ்சு கொடுத்துட்டு, அப்புறம்தான் பெயரை எழுதினார்.