ஃபிஹ்ரிஸ்த் முதல் இணையப் பட்டியல் வரை



நம் பள்ளிவாசல் நூலகத்தின் கிதாபுகளையும் நூல்களையும் இணையத்தில் பதிவு செய்யும் பணி தொடங்கப்பட்டுள்ளது. "இதுகாறும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தது போதாதா?" எனச் சிலர் வினவினர். நியாயமான வினாவே. அதற்கு விடை தேடப் புகுந்த நாம், நூற்பட்டியலின் வரலாற்றையே புரட்டிப் பார்க்க நேர்ந்தது.

பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் நூல்களைப் படியெடுத்து விற்போர் 'வர்ராக்' எனப்பட்டனர். அத்தொழிலைச் சேர்ந்தவரே இப்னு நதீம். அறபு மொழியில் தாம் அறிந்த நூல்களையெல்லாம் தொகுத்து, ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987-88) 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பட்டியலை பத்துப் பகுதிகளாக இயற்றினார். மார்க்கக் கல்வியுடன் கிரேக்கத் தத்துவம், மருத்துவம், கதைகள், இரசவாதம் வரை அதில் இடம்பெற்றன. கவிஞர்களின் படைப்புகளுக்குத் தாள் எண்ணிக்கையும் தந்தார். தாள் என்றால் எந்தத் தாள்? பக்கத்துக்கு 20 வரிகள் கொண்ட 'சுலைமானி' தாள் என்று அதையும் வரையறுத்தார். நூல் சேகரிப்போர் அளவறிந்து வாங்க வேண்டுமன்றோ! தமக்குத் தெரியாத விவரங்களுக்கு, பின்னர் நிரப்பிக்கொள்ள வெற்றிடம் விட்டார் என்பதே நம்மை மிகவும் கவர்ந்தது. 1258-இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். இப்னு நதீம் குறித்த நூல்களுள் மிகப் பல இன்று இல்லை. அவற்றுள் பல இருந்தன என்பதற்கே அப்பட்டியல்தான் சான்று.

குர்துபாவில் கலீஃபா இரண்டாம் ஹகமின் நூலகத்துக்குப் பட்டியல் மட்டுமே 44 ஏடுகள் இருந்தனவென இப்னு ஹஸ்ம் வழிச் செய்தி கூறுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இஸ்தன்புல்லின் ஹாஜி கலீஃபா ஏறத்தாழ 14,500 நூற்பெயர்களை அகர வரிசையில் அடுக்கினார். நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்தபோது 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார்.

2005-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டிம் ஸ்பால்டிங் என்பவர் லைப்ரரிதிங் என்ற இணையச் சேவையைத் தொடங்கினார். நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணையோ பெயரையோ இட்டால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முதலியவற்றின் பதிவுகளிலிருந்து விவரம் வந்து சேரும். முதலில் 200 நூல்கள் வரையே இலவசம். 2020-இல் தனிநபர்களுக்கு அவ்வரம்பு நீக்கப்பட்டது. சிறு நூலகங்கள் இரவல் கொடுத்து வாங்குவதற்கென 2016-இல் டைனிகேட் என்னும் துணைச் சேவையும் வந்தது.

ஆயினும் நம் அலமாரிக்கு முன் இவ்வசதி பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஐ.எஸ்.பி.என். 1970-இல்தான் உலகத் தரமாயிற்று. நம்மிடமுள்ள அறபுத் தமிழ்க் கல்லச்சுக் கிதாபுகள் அதற்கு வெகு முந்தியவை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானி' போன்ற கிதாபுக்கு எண்ணை எங்கே தேடுவது? தமிழ் நூல்களுக்குக்கூட வெளிநாட்டுப் பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்திலேயே வருகின்றன. நம் பிள்ளைகள் தமிழில் தேடினால் அவை அகப்படா. ஆகவே இவற்றைக் கையாலேயே பதிய வேண்டும்: பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு, பக்கம், வழங்கியவர் யார் என்பது வரை.

முகப்புத் தாள் கிழிந்த சில கிதாபுகளின் பெயரே நமக்குத் தெரியவில்லை. அறபு எழுத்தில் தமிழைத் தடையின்றி வாசிப்போர் நம் மஹல்லாவில் இன்று முதியோர் சிலரே. நோட்டுப் புத்தகத்தில் "பழைய கிதாபு - 1" என்று மட்டும் எழுதப்பட்டவை அவர்கள் கண்ணில் பட்டால்தான் பெயர் பெறும். அவற்றைத் தனி அலமாரியில் எடுத்து வைத்துள்ளோம். அஸர் தொழுகைக்குப் பின் நூலகம் திறந்திருக்கும்; வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். அதுவரை நாமும் வெற்றிடம் விட்டே பதிந்து வருகிறோம்.