செடிக்கு எவ்வளவு வெயில்?



சில மாதங்களுக்கு முன் என் வகுப்பறைக்கு ஒரு பாட்டில் பிரஷ் செடி வந்தது. புட்டி கழுவும் தூரிகையைப் போன்ற சிவந்த பூக்களைத் தரும் செடி அது. மாணவர்கள் நாள்தோறும் நீர் ஊற்றினர். ஆயினும் அறை மூலையில் இருந்த அச்செடியின் தண்டு நீண்டு மெலிந்தது, இலைகள் உதிர்ந்தன. வெயில் போதவில்லை என உணர்ந்து, ஒரு நண்பகலில் அதைத் திடலில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டே நாளில் எஞ்சிய இலைகளும் கருகின.

பேரனை அழைத்துச் செல்ல வந்த பாட்டி ஒருவர் அதைக் கண்டு, "நெழல்ல வளந்த புள்ளய ஒரே நாள்ல வெயில்ல நிறுத்தலாமா வாத்தியாரே?" என்று கேட்டார். நெகிரி செம்பிலான் தோட்டமொன்றின் நாற்றுமேடையில் பல்லாண்டுகள் உழைத்தவர் அவர். நான் நூல்களில் தேடியதை அவர் கைகள் முன்பே அறிந்திருந்தன.

செடிக்குரிய வெயிலை அளந்து கொடுக்கும் கலைக்கும் நம் தோட்டப்புற வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. முற்காலத்தில் கடல்வழி அனுப்பப்பட்ட செடிகளுள் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன. உப்புக்காற்றும் நன்னீர்ப் பற்றாக்குறையும் ஒருபுறம். கப்பலின் அடித்தளத்து இருள் மறுபுறம். இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு மூடிய கண்ணாடிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். உள்ளே ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பும். 1833இல் அத்தகைய பெட்டிகள் சிட்னிக்கு அனுப்பப்பட்டன. செடிகள் உயிருடன் போய்ச் சேர்ந்தன. பாட்டில் பிரஷின் தாயகமும் அந்த ஆஸ்திரேலியாவே. வார்டின் பெட்டிக்கு நிபந்தனை ஒன்று உண்டு. வெளிச்சம் படும் மேல்தளத்திலேயே அதை வைத்தல் வேண்டும்.

1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றுள் பெரும்பகுதி வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் பயணமாயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் காப்பி பயிரிட்ட துரைமார்கள் பின்னர் ரப்பருக்கு மாறினர். நம் முன்னோரும் பால்மரக் காடுகளுக்கு வந்து சேர்ந்தனர்.

அதன் பின்னர்க் கண்ணாடிப் பெட்டியின் வேலையைத் தொழிலாளர் கைகளே செய்தன. ரப்பர் விதைகளை நிழற்பந்தலின் கீழ் மணற்பாத்தியில் முளைக்க வைத்துப் பின்னர்த் திறந்தவெளியில் நட்டனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் முறை மாறவில்லை. முதல் மூன்று மாதங்கள் நிழல். பந்தலைச் சிறிது சிறிதாகக் குறைத்தல். அதன்பின் முழு வெயில். கன்று தோட்டத்திற்குப் போக ஏறத்தாழ ஓராண்டாகும்.

பாட்டியின் சொற்படி நானும் மாறினேன். நண்பகல் வெயிலின் ஒளி 100,000 லக்ஸ் அளவைத் தொடும். வகுப்பறையிலோ 300 லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம் என்போம். பாட்டில் பிரஷ் நன்கு பூக்க நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். எனவே அதை அறையில் வளர்ப்போர் மிகுந்த வெயில் விழும் சாளரத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். நெகிரி செம்பிலான் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே உள்ளது. ஆதலால் ஜூனில் வடக்குச் சாளரத்திலும் டிசம்பரில் தெற்குச் சாளரத்திலும் வெயில் விழும். கிழக்குச் சாளரத்துக்கு ஆண்டு முழுவதும் காலை வெயில் கிட்டும். வெளியே மாற்றுவதாயின், முதல் நாள் ஒரு மணி நேரக் காலை வெயில் போதும். இரண்டு வாரங்களில் படிப்படியாகக் கூட்டலாம்.

இன்று அச்செடி கிழக்குச் சாளரத்தருகே உள்ளது. அடித்தண்டில் இரண்டு துளிர்கள் தோன்றியுள்ளன.

விக்ஹம், வார்டு ஆகியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. பந்தல் வேய்ந்து, நிழலைக் குறைத்து, இலட்சக்கணக்கான கன்றுகளைக் காத்த நம் பெண்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன; அறிந்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். பெற்றோர்களே, இவ்விடுமுறையில் உங்கள் பிள்ளையைப் பாட்டியின் அருகில் அமர்த்துங்கள். அவர் சொல்வதைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். அதுவும் வரலாற்றுப் பாடமே.