வாங்கில் இருந்த ஏழடிப் பெடியன்

1.8, 4.2, 13.9, 18.8.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்காக ஃபிராங்க் கமின்ஸ்கி நாலு வருடம் கூடைப்பந்து விளையாடினார். ஒவ்வொரு வருடமும் ஒரு போட்டிக்குச் சராசரியாக அவர் எடுத்த புள்ளிகள்தான் இவை. முதலாம் வருடம், 2011-12இல், ஒரு போட்டிக்கு எட்டு நிமிடம்கூட அவரை இறக்கவில்லை. இரண்டாம் வருடமும் பத்து நிமிடமளவில்தான். மிச்ச நேரமெல்லாம் அந்த ஏழடிப் பெடியன் வாங்கில் இருந்தான்.

கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு இப்படியான ஒரு பெடியன் எப்பவும் தேவை. (அங்கே கல்லூரி என்றால் எங்கட ஊரில் மாதிரிப் பாடசாலை இல்லை, பல்கலைக்கழகம்.) அணி வென்றால் நட்சத்திரத்தைப் பற்றிக் கதைப்பார்கள். தோற்றால் தடுமாறுகிற இளம் வீரனைப் பற்றிக் கதைப்பார்கள். "உயரம் மட்டும் இருந்து என்ன, உடம்பில பலமில்லை." "எறியிற கை நல்லது, கால்தான் ஓடுதில்லை." "இவனுக்கு ஏன் இடம் குடுத்தவை?" இப்படிப் போகிற கதையைக் கடைசியில் யாராவது ஒருவர் "பொறுங்கோ, அடுத்த வருடம் பாப்பம்" என்று முடித்து வைப்பார்.

அந்த 'அடுத்த வருடம்' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு காலத்தில் முதலாம் வருட மாணவனைப் பற்றி இப்படிக் கதைக்கவே ஏலாது. பெரிய பல்கலைக்கழகங்களில் அவர்களுக்குப் பிரதான அணியில் இடமே இல்லை. முதலாம் வருடத்தாருக்கென்று தனி அணி, தனிப் போட்டிகள். புது இடம், புதுப் படிப்பு, இதற்கு முதலில் பழகட்டும் என்பது நியாயமாகச் சொல்லப்பட்டது. போர்க்காலங்களில் ஆள் பற்றாக்குறையால் தளர்ந்ததைத் தவிர இந்த வழமை நீண்டகாலம் நின்றது.

அதனால் சில வேடிக்கைகளும் நடந்தன. 1965 நவம்பரில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் முதலாம் வருட அணி அதன் பிரதான அணியோடு மோதியது. பிரதான அணி தொடர்ந்து இரண்டு வருடம் தேசியக் கிண்ணம் வென்ற அணி. ஆனால் புதுப் பெடியள் 75க்கு 60 என்று வென்றுவிட்டார்கள். அதில் 31 புள்ளிகள் எடுத்தவர் லூ அல்சின்டர். பிறகு கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். நாட்டிலேயே சிறந்த அணியை வென்றும், அந்த வருடத் தேசியச் சுற்றுப்போட்டியில் அவரால் விளையாட முடியவில்லை. விதி அப்படி.

1972இல் அந்த விதி மாறியது. அந்த வருடம் தொடங்கிய பருவத்திலிருந்து முதலாம் வருட மாணவர்களும் பிரதான அணியில் விளையாடலாம் என்றானது. திறமைக்காரனுக்கு வழி திறந்தது. அதேநேரம் தடுமாறுகிறவனுக்கு இருந்த மறைவும் போனது. முன்பு தனி அணியில், கொஞ்சப் பேர் முன்னால் விட்ட பிழைகளை இனி பல்லாயிரம் பேர் பார்க்கிற அரங்கில் விட வேண்டும்.

அப்படி ஒரு பிழையை இன்றைக்கும் ரசிகர்கள் மறக்கவில்லை. 1982 மார்ச் 29, நியூ ஒர்லியன்ஸ் சூப்பர்டோம், தேசிய இறுதிப்போட்டி. ஆட்டம் முடிய 20 வினாடிகள்கூட இல்லாத நேரத்தில் நோர்த் கரோலினாவின் முதலாம் வருட மாணவர் ஒருவர் எறிந்த பந்து கூடைக்குள் விழ, அணி 63க்கு 62 என்று முன்னேறியது. அவர் பெயர் மைக்கல் ஜோர்டன். அடுத்து பந்து ஜோர்ஜ்டவுன் அணியிடம். வெல்ல இன்னும் நேரம் இருந்தது. பந்தை வைத்திருந்த இரண்டாம் வருட மாணவர் ஃபிரெட் பிரவுன், தன் அணிக்காரன் என்று நினைத்து எதிரணியின் ஜேம்ஸ் வோர்தியின் கைக்கே பந்தைக் கொடுத்துவிட்டார். ஆட்டம் அதோடு போய்விட்டது.

ஒரே மைதானம், ஒரே நிமிடம். ஒரு இளம் வீரனுக்குப் பெயர் பிறந்தது, இன்னொருவனுக்குப் பெயர் கெட்டது. ஆட்டம் முடிந்ததும் பயிற்றுவிப்பாளர் ஜோன் தொம்சன் பிரவுனைக் கட்டி அணைத்தார். அந்தக் காட்சி நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் போனது.

தொம்சன் ஏன் அப்படிச் செய்தார் என்று நாங்கள் ஊகிக்கத் தேவையில்லை. ஆனால் அவரின் பழைய கதை ஒன்றைத் தெரிந்திருப்பது நல்லது. முந்தைய பருவத்தில் மூன்றே மூன்று போட்டிகளில் வென்று 23இல் தோற்றிருந்த அணியை 1972இல் பொறுப்பெடுத்த கறுப்பினத்தவர் அவர். 1975இல் அணி தொடர்ந்து தோற்றபோது, அவரைப் போகச்சொல்லி நிறவெறி வசை எழுதிய படுக்கைவிரிப்பு ஒன்றைத் தங்கட சொந்த அரங்கத்தின் யன்னலில் தொங்கவிட்டார்கள். ரசிகர்களின் பொறுமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே பருவத்தில்தான் அந்த அணி 1943க்குப் பிறகு முதல்தடவையாகத் தேசியச் சுற்றுப்போட்டிக்குள் நுழைந்தது.

பிரவுன் விலகிப் போகவில்லை. 1984இல் ஜோர்ஜ்டவுன் ஹியூஸ்டனை 84க்கு 75 என்று வென்று கிண்ணம் எடுத்தபோது அவர் இறுதி வருட மாணவர். அன்றும் தொம்சன் அவரைக் கட்டி அணைத்தார். இந்தக் கிண்ணத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்றுவிப்பாளர் தொம்சன்தான். இரண்டு அணைப்புக்கும் இடையில் இரண்டு வருடம். ரசிகர்கள் சொல்கிற 'அடுத்த வருடம்' இதுதான்.

ஆனால் இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பொறுமையைப் பற்றி உருகுவது லேசு. அதற்குப் பின்னால் இன்னொரு பக்கமும் இருந்தது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஒரு முழுப் பருவம் விளையாடாமல் இருக்க வேண்டும். புலமைப்பரிசிலுக்கு மேலே சம்பளம் கிடையாது. தன் பெயரையோ படத்தையோ வைத்துக் காசு உழைக்கவும் கூடாது. அரங்கம் நிரம்பும், தொலைக்காட்சி காசு கொட்டும், வீரனுக்கு மட்டும் அதில் பங்கில்லை. அவன் காத்திருந்ததில் ஒரு பகுதி பொறுமை. இன்னொரு பகுதி, போக வழி இல்லாமை.

பெரிய திறமைசாலிகளுக்கு வழி முதலில் திறந்தது. 1971இல் ஸ்பென்சர் ஹேவூட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நாலு வருடம் முடியாமலே தொழில்முறை அணிக்குப் போகலாம் என்றானது. பிற்காலத்தில் சிலர் பாடசாலையிலிருந்து நேரே போனார்கள். 2006இலிருந்து என்.பி.ஏ. 19 வயதையும் பாடசாலை முடிந்து ஒரு வருடத்தையும் நிபந்தனையாக்கியது. அதனால் ஒரே வருடம் படித்துவிட்டுப் போகிறவர்களின் காலம் வந்தது.

கமின்ஸ்கியின் கதை அந்தக் காலத்துக்குள்தான் நடந்தது. மூன்றாம் வருடத் தொடக்கத்தில், 2013 நவம்பரில், ஒரே போட்டியில் 43 புள்ளிகள் எடுத்துத் தன் பல்கலைக்கழகத்தின் சாதனையை உடைத்தார். இறுதி வருடத்தில் நாட்டின் சிறந்த வீரருக்கான விருதுகளை வென்றார். 2015 ஏப்ரல் 4, அரையிறுதி. எதிரே இளம் நட்சத்திரங்கள் நிறைந்த கென்டக்கி. 38 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காத அணி. விஸ்கொன்சின் 71க்கு 64 என்று வென்றது. வாங்கில் இருந்த பெடியன் எடுத்தது 20 புள்ளிகள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இதோடு முடித்துவிடலாம். ஆனால் வரலாறு முடிக்க விடவில்லை. இரண்டு நாள் கழித்து இறுதிப்போட்டியில் டியூக் 68க்கு 63 என்று வென்றது. அந்த 68இல் 60 புள்ளிகளை எடுத்தவர்கள் நாலு முதலாம் வருட மாணவர்கள். அதிலும் 16 புள்ளிகள் எடுத்த கிரேசன் அலன், பருவம் முழுக்கப் பெரும்பாலும் வாங்கில் இருந்தவர். ஒருவனுக்கு மூன்று வருடம் எடுத்தது இன்னொருவனுக்கு ஒரு இரவில் கிடைத்தது. வளர்ச்சிக்கு ஒரே அட்டவணை கிடையாது.

இன்றைக்குச் சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிட்டது. 2021இலிருந்து வீரர்கள் தங்கட பெயரால் உழைக்கலாம். அதே வருடம் ஒருதடவை, 2024இலிருந்து எத்தனை தடவையும், ஒரு பருவத்தை இழக்காமல் அணி மாறலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகக் காசு கொடுக்கலாம். இது நியாயம்தான். உழைக்கிறவனுக்குக் கூலியும், பிடிக்காத இடத்தை விட்டுப் போகிற உரிமையும் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் தடுமாறுகிற பெடியனைப் பற்றிய கதை மாறிவிட்டது. "அடுத்த வருடம் பாப்பம்" என்று ரசிகர் சொல்ல, "அடுத்த வருடம் இவன் இங்க இருப்பானோ?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். அது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. பெடியன் போகலாம். பல்கலைக்கழகமும் அவனைக் கைகழுவிவிட்டு, வேறிடத்தில் ஏற்கெனவே வளர்ந்த ஒருவனைக் கொண்டுவரலாம்.

முன்பு பொறுமையை விதி கட்டாயப்படுத்தியது. இனி பயிற்றுவிப்பாளரும் வீரனும் தாங்களாகத் தெரிந்தெடுத்தால்தான் உண்டு. அரங்கில் இருந்து கத்துகிறவர்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. நாங்களும் எங்கட விளையாட்டுகளில் அந்த இடத்தில் இருந்துதான் கத்துகிறோம். போட்டிக்கு 4.2 புள்ளி எடுத்து இரண்டாம் வருடம் முடிக்கிற ஒரு பெடியன் இன்றைக்கும் எங்கேயோ ஒரு வாங்கில் இருக்கிறான். தன்னைப் பற்றிக் கதைப்பது அவனுக்கும் கேட்கும்.