அப்பத்தாவும் அமெரிக்கச் சட்டமும்

ஒரு மாசமா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் சீரியஸ். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க வீடு முதல் மாடி. பதினெட்டுப் படி. அப்பத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் கீழ இறங்கினது மூணே தடவை. மூணும் ஆஸ்பத்திரிக்கு. நாற்காலியோட நாலு பேர் தூக்கிட்டுப் போனோம். போன வாரம் வீட்டுல "பேசாம ஒரு நல்ல ஹோம்ல சேத்துடலாமா?"ன்னு பேச்சு வந்தது. அப்பத்தா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "நான் என்னடா தப்பு பண்ணினேன்?"

யாருக்கும் பதில் தெரியல. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. மத்த ஊர் அரசாங்கங்கள் எல்லாம் வயசானவங்களுக்கு என்ன பண்ணுச்சுன்னு படிக்க ஆரம்பிச்சேன். அமெரிக்கக் கதையிலேயே மாட்டிக்கிட்டேன்.

1930களுக்கு முன்னாடி அங்க, பிள்ளைகள் கைவிட்ட, கையில காசில்லாத முதியவருக்கு இருந்த கடைசி இடம் 'பூர்ஹவுஸ்'. ஊர்க்காசுல நடக்கிற ஏழை விடுதி. வயசானவங்க, கை கால் முடியாதவங்க, மனநலம் குன்றியவங்க எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ. அங்க போறதே ஒரு அவமானம்.

பொருளாதாரப் பெருமந்தம் வந்து சேமிப்பெல்லாம் கரைஞ்சு போன நேரம். 1933இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஃபிரான்சிஸ் டவுன்செண்ட் என்ற டாக்டர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். 60 வயசு தாண்டிய எல்லாருக்கும் மாசம் 200 டாலர் கொடுங்க. ஆனா வேலையை விட்டுடணும், பணத்தை அந்த மாசமே செலவழிச்சுடணும். இதுதான் திட்டம். கணக்கு உதைக்குதுன்னு பொருளாதார நிபுணர்கள் சிரிச்சாங்க. ஆனா நாடு முழுக்க டவுன்செண்ட் மன்றங்கள் முளைச்சு லட்சக்கணக்கானவங்க சேர்ந்ததும் சிரிப்பு நின்னு போச்சு.

1935 ஆகஸ்ட் 14 அன்று ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதை முன்னால் நின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண். அந்தச் சட்டப்படி முதல் மாதாந்திர செக் 1940 ஜனவரி 31 தேதியிட்டு, வெர்மான்ட் மாநிலத்தின் ஐடா மே ஃபுல்லருக்குப் போனது. தொகை 22.54 டாலர். அந்தம்மா மூணு வருஷத்துல கட்டியிருந்தது மொத்தமே 24.75 டாலர். நூறு வயசு வரைக்கும் வாழ்ந்து, 22,888.92 டாலர் வாங்கிட்டுத்தான் போனாங்க :-) ஆனா விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் அந்த ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் பார்த்ததே அந்த வேலைகளைத்தான்.

இப்போ என்னை உலுக்கின இடத்துக்கு வர்றேன். அதே சட்டத்தில் ஏழை முதியவர்களுக்கான உதவித்தொகைக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு நிபந்தனை: அரசு விடுதியில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. நம்ம பாஷையில் சொன்னா ஒரே ஒரு 'இஃப் கண்டிஷன்'. நோக்கம் நல்லதுதான். பூர்ஹவுஸ் ஒழியணும், மக்கள் தங்கள் வீட்டில் இருக்கணும்.

பூர்ஹவுஸ் மெல்ல ஒழிஞ்சது. ஆனா வீட்டில் பார்த்துக்க ஆளில்லாதவங்க எங்க போவாங்க? தனியார் விடுதிகளுக்குப் போனாங்க. உதவித்தொகையை அங்க கட்டினாங்க. இன்றைய நர்ஸிங் ஹோம் தொழிலுக்கு அது ஒரு முக்கியமான விதை. 1965இல் மெடிக்கெய்ட் வந்தபோது நிலைமை இன்னும் இறுகியது. நர்ஸிங் ஹோம் செலவைக் கொடுப்பது மாநிலங்களின் கட்டாயம். வீட்டில் வைத்துப் பராமரிக்கும் செலவில் பெரும்பகுதி அப்படியில்லை. ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொரு பிழை உள்ள வந்த கதை. நமக்குத் தெரியாததா!

இதோட அபத்தத்தை ஊருக்குக் காட்டினது கேட்டி பெக்கெட் என்ற அயோவா மாநிலத்துச் சின்னப் பொண்ணு. மூச்சுக் கருவியோட இருந்த மூணு வயசுக் குழந்தை. ஆஸ்பத்திரியில் இருந்தால் அரசு பணம் கட்டும். அதைவிட ரொம்பக் குறைஞ்ச செலவில் வீட்டில் பார்த்துக்கலாம், ஆனா அதுக்குப் பணம் வராது. 1981இல் ரீகனே இதைப் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். அதே வருஷம்தான் வீட்டுப் பராமரிப்புக்கும் மெடிக்கெய்ட் பணம் தர விலக்கு வழி சட்டத்தில் திறந்தது.

சரி, வீடு? 1959இல் 'செக்‌ஷன் 202' வந்தது. லாப நோக்கமில்லாத அமைப்புகள் முதியோருக்கான குடியிருப்பு கட்ட அரசே நேரடிக் கடன் கொடுத்தது. 1964இல் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். 1990இல் அவர்களுக்கென்று 'செக்‌ஷன் 811' தனியாகப் பிரிந்தது. அப்போது முறையும் மாறியது. கட்டும் பணத்தை 40 வருஷம் அதே மக்களுக்கு வீடாக நடத்தினால் திருப்பித் தரவேண்டாம். குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் வாடகை கட்டினால் போதும்.

ஆனா கட்டடம் மட்டும் போதாதுன்னு புரிய வச்சவங்க மாற்றுத்திறனாளிகளேதான். போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்கு எந்த ஹாஸ்டல் அறையும் ஒத்துவரலை. வளாக ஆஸ்பத்திரியில்தான் தங்கினார். அவரும் நண்பர்களும் போட்ட பாதையில் 1972இல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் உருவானது. உதவியாளர், சாய்தளம், வீடு, மூணையும் ஒரே இடத்துல ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாங்க. "இவர் வேலைக்கே லாயக்கில்லை" என்று ஒதுக்கிய கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் அவர் தலைவரானார்!

கடைசியா 1999. ஜார்ஜியாவின் லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் ரெண்டு பேரையும் வெளியே வாழலாம்னு டாக்டர்கள் சொன்ன பிறகும் அரசு மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். தேவையில்லாமல் இப்படி அடைத்து வைப்பது பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் நீதிபதி கின்ஸ்பர்க்.

எல்லாம் சுபம்னு சொல்ல வரலை. 2012இலிருந்து சில வருஷங்கள் செக்‌ஷன் 202இல் புது வீடு கட்டப் பணமே ஒதுக்கலை. அந்த வீடுகளுக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பவங்க உண்டு.

இவ்வளவு படிச்சதுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். ஒருத்தர் எங்க வாழப்போறார்ங்கிறதை அவரோட உடம்பு மட்டும் தீர்மானிக்கிறதில்லை. காசு எந்தப் பக்கம் போகுதுங்கிறதும் சேர்ந்துதான் தீர்மானிக்குது. நாங்களும் அதே 1935 தப்பைத்தான் பண்ண இருந்தோம். ஹோமுக்கு மாசாமாசம் கட்டப் பணம் இருக்கு, கீழ்வீட்டுக்கு மாறப் பணம் இல்லைன்னு பேசிக்கிட்டு இருந்தோம். மறுநாள் அப்பாவும் நானும் பேப்பர்ல கணக்குப் போட்டோம். ஹோம் கட்டணத்துல பாதி போதும், கூடுதல் வாடகையும் பகல்ல உதவிக்கு ஒரு ஆளும் வச்சுக்கலாம்.

அப்பத்தாகிட்ட சொன்னேன். "தெரு தெரியுமாடா?"ன்னு கேட்டாங்க. தெரியும் அப்பத்தா.

டிஸ்கி: உங்க ஏரியாவில் வாசப்படி இல்லாத, வீல்சேர் நுழையுற கதவோட தரைத்தள வீடு வாடகைக்கு இருந்தா பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. நிஜமாவேதான் கேக்குறேன்.