அகதிக் குடியிருப்புகளில் எச்.ஐ.வி துணைவர் அறிவிப்பு

எச்.ஐ.வி தொற்றுள்ளவரின் துணைவருக்குத் தகவல் தந்து அவரையும் பரிசோதனைக்கு அழைப்பது துணைவர் அறிவிப்பு எனப்படும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேகநோய்க் கட்டுப்பாட்டுக்காக வளர்ந்த முறை இது.

உகாண்டாவின் தென்மேற்கிலுள்ள நக்கிவாலே, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய அகதிக் குடியிருப்புகளுள் ஒன்று. 1960களில் ருவாண்டாவின் துட்சி மக்களும், பின்னர் கொங்கோ, புருண்டி, சோமாலியா நாட்டவரும் இங்கு தஞ்சம் புகுந்தனர். இத்தகைய இடங்களில் அறிவிப்பு எளிதன்று. கர்ப்பகாலப் பரிசோதனையால் பெரும்பாலும் மனைவிக்கே தொற்று முதலில் தெரியவருகிறது. நோயைக் கொண்டுவந்தவள் என்ற பழியும் அவள்மீதே விழுகிறது. அடி விழுந்தால் கோபித்துக்கொண்டு போகத் தாய்வீடு இல்லை. அது எல்லைக்கு அப்பால் இருக்கிறது. உணவுப் பங்கீடும் பயிரிடும் நிலமும் குடும்பக் கணக்கில் இருப்பதால் பிரிந்து வாழ்வதும் கடினம்.

உகாண்டாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம், சில சூழல்களில் நோயாளியின் ஒப்புதலின்றியே துணைவருக்குத் தெரிவிக்க இடமளித்தது. மாறாக, 2016 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், நலப்பணியாளர் உதவியுடன், நோயாளி விரும்பினால் மட்டுமே அறிவிக்கப் பரிந்துரைத்தது. எனவே வீட்டில் வன்முறை உண்டா என்று முதலில் தனிமையில் கேட்டறிவது இன்றியமையாதது. அறிவிப்பைத் தள்ளிவைத்தால் கணவர் சிகிச்சையின்றி இருக்கக்கூடும். அவசரப்பட்டால் மனைவியின் உயிருக்கே ஆபத்தாகலாம்.